மானாவாரி உடம்பு

மனிதரின் உடல்நலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் உணவில் தொடங்கி மருந்தில் முடிந்துவிடுகிறது. உடம்பு ஒரு நாளில் எவ்வளவு அசைந்தது, எப்படி அசைந்தது, யாருடைய விருப்பத்தின் பேரில் அசைந்தது என்ற மூன்று கேள்விகளும் எப்போதாவதுதான் எழுகின்றன. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டத்திலுள்ள அய்யலூரிலும் அதை ஒட்டிய சிற்றூர்களிலும் 1960களில் பிறந்து, இன்று அறுபதை நெருங்கியும் கடந்தும் நிற்கிற தலைமுறையின் நினைவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், அம்மூன்றில் கடைசிக் கேள்வியே முதன்மையானது என்று தோன்றுகிறது. அத்தலைமுறையினர் இளமையில் உடம்பை வளைத்தது நலத்தை நாடி அன்று. வளைக்காமல் கஞ்சி குடிக்க வழி இல்லை. பிறகு வழி பிறந்தது, உடம்பின் அசைவு மெல்ல மெல்ல நின்றது, நின்றதை எவரும் பொருட்படுத்தவில்லை. துன்பம் ஒழிந்தது என்றே எல்லோரும் எண்ணினார்கள். எண்ணியது சரியே, ஆனால் துன்பத்தோடு சேர்ந்து வேறொன்றும் போனது என்பது சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எழுதப்பட்ட பிறகே தெரியவந்தது.

திருச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலும் சென்னை–மதுரை இருப்புப்பாதையிலும் அமைந்துள்ள அய்யலூர், வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையாலும், தக்காளியாலும், சாலையில் போகும் ஓட்டுநர்கள் நின்று கும்பிட்டுச் செல்லும் வண்டிக் கருப்பணசாமி கோயிலாலும் வெளியூராருக்கு அறிமுகமானது. சுற்றிலும் கரடும் மலையும் காடும் உள்ள வறண்ட நிலம் இது. இப்பக்கத்துக் காடுகள் தேவாங்குகளுக்குப் பெயர்பெற்றவை, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்குச் சரணாலயம் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டதும் அதனாலேயே. ஆற்றுப் பாசனம் இல்லாத இம்மண்ணில் சோளமும் கம்பும் நிலக்கடலையும் மானாவாரியாக, அதாவது மழையை மட்டும் நம்பி, விளைந்தன. கிணறு வைத்திருந்தவர்கள் தோட்டம் போட்டார்கள். இரண்டும் இல்லாதவர்கள் ஆடு வளர்த்தார்கள், விறகு வெட்டினார்கள், கூலிக்குப் போனார்கள். எந்த வேலையானாலும் அதற்குரிய இடம் வீட்டிலிருந்து நடந்து போக வேண்டிய தொலைவில் இருந்தது என்பதால், இவ்வூர் மக்களின் உடல்நல வரலாற்றை நடையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அக்காலத்துச் சிறுவர்களின் நாள், ஆட்டை அவிழ்த்துவிடுவதில் தொடங்கி, தோட்டங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் பள்ளிக்கு நடந்து, மாலையில் மீண்டும் ஆட்டின் பின்னால் கரட்டில் ஏறி இறங்குவதில் முடிந்தது. சந்தைக்கு முந்திய நாள் மலையடிவாரத்துச் சிற்றூர்களிலிருந்து ஆடுகளை ஓட்டிவரும் பெரியவர்களோடு பிள்ளைகளும் வந்தார்கள். மந்தையிலிருந்து விலகி ஓடும் குட்டியைச் சுற்றிவளைத்து மடக்குவதற்கு எட்டு வயதுக் கால்களைவிடத் தகுந்தவை வேறில்லை என்பது ஆட்டுக்காரர்களின் அனுபவம். இன்று அதே ஆடுகள் சிறு சரக்கு வண்டிகளில் நின்றபடி வந்து இறங்குகின்றன. விலை குறையாமல், எடை வற்றாமல் ஆடு சந்தை சேர்வது வளர்ப்பவருக்கு நல்லதே; அந்த வண்டியில் குட்டியை மடக்கிய சிறுவனுக்கு வேலை இல்லை என்பது மட்டுமே இங்குக் கவனத்துக்குரியது.

வேலை போக எஞ்சிய பொழுதில் விளையாட்டு இருந்தது. கிட்டிப்புள், பச்சைக்குதிரை, பம்பரம், கோலி, சடுகுடு ஆகியவை பையன்களுக்கும், பாண்டி, நொண்டி, கும்மி ஆகியவை பெண்பிள்ளைகளுக்கும் என்று பிரிந்து கிடந்தாலும், இவற்றுள் பலவும் குதித்தல், ஒற்றைக் காலில் நிற்றல், திடீரென்று திசை மாற்றுதல் என்னும் அசைவுகளின் மேல் கட்டப்பட்டவை. எலும்பு உயிருள்ள பொருள். அதன்மேல் எவ்வளவு விசை விழுகிறதோ அதற்கேற்பத் தன்னைக் கெட்டியாக்கிக்கொள்ளும் இயல்புடையது. குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் தொடை எலும்பிலும் முதுகெலும்பிலும் விழும் சிறு அதிர்ச்சியே அக்கெட்டிப்படுதலுக்குத் தூண்டுதலாகிறது. மனிதர் வாழ்நாளில் அடையும் மிகுதியான எலும்புத் திண்மை, மருத்துவத்தில் உச்ச எலும்புத் திணிவு எனப்படுவது, ஏறத்தாழ முப்பது வயதுக்குள் அமைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு இருப்பதைக் காப்பாற்றலாம், பெரிதாகக் கூட்ட முடியாது. எழுபது வயதில் வாசற்படியில் இடறி விழுபவரின் இடுப்பெலும்பு முறியுமா, தாங்குமா என்பதன் ஒரு பகுதி பத்து வயதில் தெருவில் ஆடிய பாண்டியாட்டத்தில் முடிவாகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இத்தலைமுறை தன் குழந்தைமையில் மற்றெல்லாவற்றையும்விட மகிழ்ச்சியோடு நினைவுகூர்வது கிணற்று நீச்சலை. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, இடுப்பில் தாம்புக்கயிற்றைச் சுற்றி, மறுமுனையை மேலே நிற்கும் மாமனோ சித்தப்பாவோ பிடித்துக்கொள்ள, பிள்ளையைத் தண்ணீரில் இறக்குவார்கள். சில நாட்களில் கயிறு தளரும், பின்னர் குடுக்கை கழற்றப்படும், ஒருநாள் எச்சரிக்கை எதுவுமின்றி மேட்டிலிருந்து ஒரு தள்ளு விழும், மூக்கில் ஏறிய தண்ணீரோடும் அழுகையோடும் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் படியைப் பிடித்தவன் நீச்சல்காரனாகக் கரையேறுவான். அதன்பின் கோடை முழுவதும் பல்டியும் முங்கு நீச்சலும் தொட்டு விளையாட்டும்தான். கண் சிவந்து, விரல் நுனி சுருங்கி, பசி குடலைப் பிடுங்கும்போதுதான் வீடு நினைவுக்கு வரும். கைகால், தோள், நெஞ்சு என எல்லாத் தசைகளும் ஒருசேர இயங்கி, மூச்சும் பழகி, மூட்டுகளில் பாரம் விழாத பயிற்சி நீச்சலைப் போல் வேறொன்றில்லை. மின்மோட்டார் பெருகி, அதன்பின் பல நூறு அடி ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, நிலத்தடி நீர் இறங்கியபோது, திறந்த கிணறுகள் வறண்டு புதர் மண்டின. நீர்மட்டம் தாழ்ந்ததை வேளாண்மையின் இழப்பாகக் கணக்கிட்ட எவரும், ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் நீச்சலை மறந்ததை அக்கணக்கில் சேர்க்கவில்லை.

இந்நினைவுகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை மறைப்பது நேர்மையாகாது. கிணற்றில் குதித்தவர்களில் பெண்பிள்ளைகள் மிகக் குறைவு. பெரியவளானதும் தெருவிளையாட்டும் அவர்களுக்கு முடிந்துபோனது. ஆனால் அசைவு முடியவில்லை: இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாகத் தண்ணீர், கரட்டிலிருந்து தலைச்சுமையாக விறகு, உரலில் கம்பு இடித்தல், ஆட்டுக்கல்லில் மாவரைத்தல், களையெடுப்பு, கடலை பறிப்பு என்று பையன்களைவிட மிகுதியாகவே அது தொடர்ந்தது. விளையாட்டு என்னும் பகுதி நீங்கி வேலை என்னும் பகுதி மட்டும் எஞ்சிய அந்த உடல்களில்தான் பிற்காலத்து முதுகுவலியும் கழுத்துத் தேய்மானமும் மிகுதியாகக் காணப்பட்டன. பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே பாரம் தூக்கத் தொடங்கிய பெண்கள் பலர், கருப்பை தன் இடத்திலிருந்து கீழிறங்கும் கருப்பை இறக்கம் என்னும் தொல்லையை வெளியே சொல்ல வெட்கப்பட்டே பல ஆண்டுகள் சுமந்தார்கள்.

பள்ளிக்கூடம் இவ்வகையில் ஆற்றியிருக்கக்கூடிய பங்கு பெரிது; ஆற்றியது சிறிது. உடல் உழைப்பைக் கல்வியின் பகுதியாக்க வேண்டும் என்ற எண்ணம் இம்மாவட்டத்துக்குப் புதிதன்று: டாக்டர் டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளப்பட்டிக்கு அருகில் தொடங்கிய காந்திகிராமம், கைத்தொழிலையும் தோட்ட வேலையையும் பாடத்தோடு இணைக்கும் ஆதாரக் கல்வியை நடைமுறைப்படுத்திக் காட்டியது. ஆயினும் பொதுவான பள்ளிகளில் உடற்கல்வி, அட்டவணையில் மட்டும் இருக்கும் பாடமாகவே பெரும்பாலும் நடந்தது. தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவதும், வாங்கிய கடன் திரும்பாததும் அத்தலைமுறையினர் பலரும் சிரித்துக்கொண்டே சொல்லும் செய்தி. நன்றாக ஓடுகிற நான்கு பேரை வட்டாரப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்துவிட்டு, மற்றவர்களைக் கைதட்டுவதற்கு வரிசையில் நிறுத்திய முறை, விளையாட்டு என்பது திறமைசாலிகளின் உடைமை, ஏனையோர் வேடிக்கை பார்ப்பவர்கள் என்னும் எண்ணத்தைப் பிஞ்சு மனங்களில் விதைத்தது. அந்த எண்ணமே, ஐம்பது வயதில் மருத்துவர் பயிற்சி செய்யச் சொல்லும்போது கூச்சமாக வெளிப்படுகிறது.

இளமைப் பருவத்து உழைப்பைப் பற்றிப் பேசும்போது பழைமையைப் போற்றும் மனநிலை எளிதில் தலைதூக்கிவிடுகிறது. கமலை இறைத்த தந்தையரைப் பற்றி இத்தலைமுறை பெருமையோடு பேசுகிறது: கமலை என்பது, மாடுகள் சரிவுப் பாதையில் இறங்க, வடத்தில் கட்டிய சால் கிணற்றிலிருந்து தண்ணீரோடு மேலேறும் இறைவை. விடியுமுன் மாடு பூட்டி, இறக்கத்தில் வடத்தின்மேல் அமர்ந்தும், ஏற்றத்தில் மாடுகளைப் பின்னோக்கி நடத்தியும் வெயில் ஏறும்வரை இறைத்தவர்களின் உடலில் கொழுப்புக்கு இடமில்லை என்பது உண்மை. ஆனால் அவர்களில் பலர் ஐம்பதிலேயே கிழவர்களாகத் தோன்றினார்கள் என்பதும் உண்மை. சுமை தூக்கியவர்களின் தோளும் முழங்காலும் தேய்ந்தன. போதிய உணவும் ஓய்வும் இல்லாத உடம்பு, உழைப்பினால் வளர்வதற்கு மாறாகக் கரைந்தது. நெடுநேரம் குந்தியிருப்பது பிற்காலத்தில் முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு வழிவகுக்கலாம் என்று பெய்ஜிங் நகரத்து முதியவர்களிடையே நடந்து 2004-இல் வெளியான ஆய்வு காட்டியிருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இதையே மேலும் தெளிவாக்கும் ஆய்வொன்று டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021-இல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடம்பை மிகுதியாக இயக்கியவர்களுக்கு இதயநோயும் இறப்பும் குறைந்திருக்க, வேலைக் களத்தில் மிகுதியாக உழைத்தவர்களுக்கு அவை கூடியிருந்தன. இதனை உடலியக்க முரண் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். நல்ல பயிற்சி குறுகிய நேரம் இதயத்தை வேகமாக இயக்கி, பின்னர் ஓய்வு தருகிறது. கூலி உழைப்போ, நடுத்தர வேகத்தில் ஒரே அசைவை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யவைத்து, இரத்த அழுத்தத்தை நாள் முழுவதும் உயர்த்தியே வைத்து, உடம்பு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள இடைவெளி தருவதில்லை என்பது இதற்கு அவர்கள் கூறும் விளக்கங்களில் ஒன்று. அய்யலூர்த் தக்காளிப் பெட்டியைத் தூக்குபவருக்கு இது புதிய செய்தி அன்று. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, எவ்வளவு தூக்குவது என்பவற்றைத் தானே முடிவு செய்கிறவரின் உடம்பும், அவற்றை வேறொருவர் முடிவு செய்ய ஆட்படுகிறவரின் உடம்பும் ஒரே அளவு வியர்வை சிந்தினாலும் ஒரே பயனைப் பெறுவதில்லை.

சுமை குறைந்த வரலாறு விரைவானது. உழவர்களுக்கு இலவச மின்சாரம் 1990-ஐ ஒட்டி நிலைபெற்றபோது கமலையின் கடைசி மிச்சமும் மறைந்தது. டி.வி.எஸ். 50 மொபெட் 1980-இல் விற்பனைக்கு வந்து, சில ஆண்டுகளில் தோட்டத்துப் பாதைகளையும் எட்டியது. பால் கேன், புல்லுக்கட்டு, வெள்ளாட்டுக்குட்டி, மனைவி, பிள்ளைகள் என எதையும் ஏற்றிச்சென்ற அவ்வண்டி, நடையை முதலில் நீண்ட தொலைவுகளிலிருந்தும் பின்னர் தெருமுனைக் கடையிலிருந்தும் விடுவித்தது. அம்மொபெட்டை உருவாக்கிய தொழிற்குழுமத்தை நிறுவிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளே காந்திகிராமத்தைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம். உடல் உழைப்பைப் பாடமாக்கிய நிறுவனமும் உடல் உழைப்பைக் குறைத்த வண்டியும் ஒரே குடும்பத்து மரபிலிருந்து இம்மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்தன. அரசு 2006 செப்டம்பரிலிருந்து வழங்கிய வண்ணத் தொலைக்காட்சியும், 2011 செப்டம்பரிலிருந்து வழங்கிய மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வீட்டுக்குள் இம்மாற்றத்தை நிறைவு செய்தன. ஆட்டுக்கல்லில் இரண்டு மணிநேரம் குனிந்திருந்த பெண்ணிடம், அது நல்ல பயிற்சியாக இருந்ததே என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவர் விடுதலை பெற்றது சரி. விடுபட்ட அந்த இரண்டு மணிநேரத்தில் அவருடைய தோளுக்கும் முதுகுக்கும் வேறு என்ன கிடைத்தது என்பதே கேட்கப்படாமல் போன கேள்வி.

மானாவாரி பொய்த்த வீடுகளின் பிள்ளைகள் பலர், வேடசந்தூர், வடமதுரை வட்டாரங்களில் பெருகிய நூற்பாலைகளுக்குப் போனார்கள். மில் வேன் தெருவுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. உள்ளே எட்டு மணிநேரமும் அதற்கு மேலும் நிற்பதும், அறுந்த நூலை இணைக்க இயந்திரத்தின் நீளத்துக்கு நடப்பதுமாக வேலை தொடர்கிறது. கால் ஓயாமல் நடந்தாலும், இரைச்சலுக்கும் வெக்கைக்கும் நடுவே, நுரையீரலைப் பாதிக்கக்கூடிய பஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்துக்கொண்டு, இரவு முறை வேலையால் உறக்கம் கலைந்து நடக்கும் நடை அது. திறந்த வெளியில் நடக்கும் நடையோடு அதனை ஒரே கணக்கில் வைக்க முடியாது. காலடிகளை எண்ணும் கைபேசிச் செயலிக்கு இவ்வேறுபாடு தெரியாது.

நடுவயதில்தான் கணக்கு நேராகியது. உடலசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை அறிவியல் முதன்முதலில் தெளிவாகக் காட்டியது 1953-இல்: இலண்டன் நகரத்து இரட்டை அடுக்குப் பேருந்துகளில், நாள் முழுவதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்ததை ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவர் கண்டறிந்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாகவும், தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு என்றும் மதிப்பிட்டது. அதே ஆய்வுத் தொடரின் முதற்கட்டத்தில், தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளைப் பற்றி 2014-இல் வெளியான அறிக்கை, பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் போதிய உடலசைவு இல்லாதவர்கள் என்றும், பொழுதுபோக்காக உடம்பை இயக்குபவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் கூறியது. இரண்டாவது செய்தியே முக்கியமானது: வேலை ஓய்ந்த இடத்தில் விளையாட்டு வந்து அமரவில்லை. நெல் அரிசிச் சோறு மூன்று வேளையும் கிடைக்கத் தொடங்கிய அதே காலத்தில் அந்தச் சோற்றை எரிக்கும் வேலை நீங்கியதும் இதனோடு சேர்ந்தது.

நீரிழிவு மருத்துவர்கள் நடக்கச் சொல்வதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைக்குள் அனுமதிக்கும் பணியை இன்சுலின் செய்கிறது. நீரிழிவில் அப்பணி குன்றுகிறது. ஆனால் சுருங்கி விரியும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ள வல்லது. எனவே உண்டபின் சற்று நடப்பதும் மருந்தின் வேலையில் ஒரு பங்கைச் செய்கிறது. இதனை அறிந்தும் அறியாமலும் நடக்கச் சொல்லப்பட்ட ஓர் அப்பத்தா, மருத்துவமனை வரிசையில் மருத்துவரிடம், "நாள்பூரா நடந்துதானே கெடந்தோம், இன்னும் எங்கிட்டுங்க நடக்கச் சொல்றீங்க?" என்று கேட்டது இவ்வட்டாரத்தின் பொதுவான மனநிலை. ஏழ்மையின் அடையாளமாக வாழ்நாள் முழுவதும் அறியப்பட்ட ஒன்றை முதுமையில் மருந்தாக விழுங்கச் சொல்வது அவருக்கு அவமதிப்பாகப் பட்டதில் வியப்பில்லை. வேலை இல்லாமல் வெறுமனே நடப்பவரைப் பார்த்துப் போகிற வருகிறவர்கள் எல்லாம் "எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்கும் ஊரில், எங்கும் போகவில்லை என்று விடை சொல்வதற்கே ஒரு துணிவு வேண்டியிருக்கிறது.

அதே ஊரில், காரணம் கேட்கப்படாத நடை ஒன்றும் இருக்கிறது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்குப் போகும் பாதயாத்திரை, அய்யலூரிலிருந்து திண்டுக்கல் வழியாகத் தொண்ணூறு கிலோமீட்டர் அளவிலான நடை. மாலை போட்டு, விரதம் இருந்து, உணவைக் குறைத்து, விடியற்காலையில் எழுந்து குளிக்கும் ஒழுங்கு சில வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது; புறப்பட்ட பின், வெயிலுக்கு முன்னும் பின்னும் நடந்து, உச்சியில் நிழலில் படுத்து, குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகத்துக்கு மற்றவர்கள் இறங்கிவந்து, அன்னதானப் பந்தலில் இளைப்பாறி நடக்கிறார்கள். பயிற்சியியல் கூறும் படிப்படியான தொடக்கம், ஓய்வு, துணை, குறிக்கோள் ஆகிய நான்கும் இதில் ஒருங்கே அமைந்துள்ளன. பதினான்கு வயதுப் பேரனும் அறுபத்தைந்து வயதுத் தாத்தாவும் ஒரே வரிசையில் நடக்கும் வேறு நிகழ்ச்சி இவ்வட்டாரத்தில் அரிது. முன்பழக்கமின்றி ஆர்வத்தில் மட்டும் புறப்படுபவர்கள் முதல் நாள் மாலையே பாதம் கொப்புளித்து உட்கார்ந்துவிடுவதும், ஆண்டில் ஒருமுறை நடந்துவிட்டு மற்ற மாதங்களில் வாசற்படி தாண்டாதவர்களுக்கு அதனால் நீடித்த பயன் கிட்டாததும் இதன் குறைகள். எனினும், தானே விரும்பி உடம்பை வருத்திக்கொள்ளும் பழக்கம் இம்மக்களுக்கு அந்நியமானது என்ற வாதத்தை இந்த ஒரு நடையே மறுத்துவிடுகிறது.

முதுமையில் உடம்பு கேட்பவை இளமையில் கேட்டவற்றிலிருந்து வேறானவை. முப்பதுக்குப் பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது என்றும், அறுபதுக்குப் பின் அந்த வேகம் கூடுகிறது என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன; இத்தசை இழப்பை வெறும் நடையால் மட்டும் தடுக்க முடியாது, தசைக்குச் சிறிது எதிர்விசை தரும் பயிற்சியும் உடம்பின் நிலைப்பாட்டைக் காக்கும் பயிற்சியும் வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சிறுவருக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடங்களும், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலசைவும் வேண்டும் என்று கூறுவதோடு, முதியவர்களுக்கு வாரத்தில் மூன்று நாட்களேனும் நிலைப்பாட்டுப் பயிற்சியையும் வலுப்பயிற்சியையும் சேர்த்துப் பரிந்துரைப்பது இதனால்தான்.

இப்பயிற்சிக்குரிய கருவி அய்யலூர் வீடுகளில் அண்மைக்காலம் வரை இருந்தது: தரை. பிரேசில் நாட்டு மருத்துவர்கள் 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் செய்து, கையையோ முழங்காலையோ ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு மதிப்பெண் குறைத்து, பத்துக்கு எத்தனை என்று கணக்கிட்டார்கள். குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் அடுத்துவந்த ஆண்டுகளில் மிகுதியாக இறந்ததை 2012-இல் வெளியிட்டார்கள். நாளைக்கு மூன்று வேளை பந்தியில் சம்மணமிட்டு உண்டு எழுந்தவர்களுக்கு அந்தச் சோதனை வாழ்க்கையாகவே இருந்தது. இன்றும் எண்பதை நெருங்கும் சில மூதாட்டிகள் திண்ணைக்குக் கீழே வெறுந்தரையில் கால் நீட்டி அமர்ந்து, வெற்றிலையை இடித்துவிட்டு, ஒரு காலை மடக்கி, இடுப்பை முன்னே தள்ளி, கை ஊன்றாமல் ஒரே மூச்சில் எழுந்து, சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு நடப்பதைக் காணலாம். அவர்களைவிடப் பதினைந்து வயது இளைய மகன், நெகிழி நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி இரண்டு முறை முயன்று எழுகிறார். மூட்டு தேய்ந்தவர்களைத் தரையில் உட்காரச் சொல்வது தீங்காகும். நலமாக உள்ளவர்கள் நாற்காலிக்கு முற்றிலும் மாறிவிடுவது, நாளடைவில் அவர்களையும் தரையில் உட்கார இயலாதவர்களாக்கிவிடும்.

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரி 2-ஆம் நாள் 200 மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்ட ஆறு மாவட்டங்களுள் திண்டுக்கல் ஒன்று. பேரூராட்சியான அய்யலூருக்கு அது பொருந்தவில்லை எனினும், சுற்றியுள்ள ஊராட்சிகளில் நூறு நாள் வேலை என்று வழங்கிய அத்திட்டத்தில் கண்மாய்க் கரையிலும் ஓடைகளிலும் மண் அள்ளியவர்களில் வயது முதிர்ந்த பெண்கள் ஏராளம். வேலை சரியாக நடப்பதில்லை, மரநிழலில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று அவர்கள்மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டை உடல்நலக் கண்ணோட்டத்தில் பார்த்தால், சிறிது நடை, சிறிது பளு, இடையிடையே ஓய்வு, ஒத்த வயதினரின் துணை, கையில் தனக்கென்று காசு என்னும் அந்தச் சேர்க்கையைவிடச் சிறந்த முதியோர் நலத் திட்டத்தை வகுப்பது கடினம். தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளோடு இயன்முறை மருத்துவத்தையும், அதாவது பயிற்சியால் மூட்டையும் தசையையும் சீராக்கும் மருத்துவத்தையும், வீட்டுக்கே கொண்டுவந்தது. அவ்வீடுகளில் மாத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளும் முதியவர்கள், கற்றுத்தரப்பட்ட பயிற்சியை மறுநாளே கைவிடுவது வழக்கம். மாத்திரைக்குத் துணை தேவையில்லை, பயிற்சிக்குத் தேவை.

இத்தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்குச் சுமையும் இல்லை, கிணறும் இல்லை. பள்ளிப் பேருந்தும் கைபேசியும் தனிப்பயிற்சி வகுப்பும் உள்ளன. அவர்களுடைய எலும்பு கெட்டிப்படும் பருவம் அமர்ந்த நிலையிலேயே கழிகிறது என்பதால், பாட்டிமார் அறுபதில் சந்தித்ததை அவர்கள் அதற்கும் முன்னதாகச் சந்திக்க நேரலாம். தாத்தாவின் கமலையைப் புகழ்ந்து அவர்களைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. அந்த வாழ்க்கையில் நலம் தந்தவை நடை, குதிப்பு, நீச்சல், தரையில் அமர்ந்தெழுதல், கூட்டமாக இயங்குதல் ஆகியன. தேய்த்தவை அளவுக்கு மீறிய சுமை, ஓய்வின்மை, பசி ஆகியன. முன்னவற்றைப் பின்னவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் வாய்ப்பு இம்மண்ணின் வரலாற்றில் இப்போதுதான் முதன்முறையாகக் கிட்டியிருக்கிறது. கடன் கொடுக்கப்படாத விளையாட்டுப் பாடவேளை, காவலோடு நீச்சல் கற்க ஒரு நீர்நிலை, நான்குவழிச் சாலையின் ஓரத்தில் உயிரைப் பணயம் வைக்காமல் காலையிலும் மாலையிலும் பெண்களும் முதியவர்களும் நடக்க விளக்கும் மரநிழலும் உள்ள ஒரு பாதை, கூடிப் பயிற்சி செய்ய ஒரு சமுதாயக் கூடம் ஆகிய இவை பேரூராட்சி ஒன்றின் வரவுசெலவுக்குள் அடங்கக்கூடியவையே. குடிநீரையும் தெருவிளக்கையும் கேட்டுப் பெறப் பழகிய மக்கள் இவற்றையும் அவ்வாறே கேட்கத் தொடங்கும் நாளில், உடம்பை அசைப்பது ஏழ்மையின் அடையாளம் என்ற பழைய எண்ணம் இவ்வூரிலிருந்து விடைபெறத் தொடங்கும்.